தரையை இரண்டு முறை மிதிப்பவன்

எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும் என்பது எங்கள் பண்ணையில் எல்லோருக்கும் தெரியும். முப்பத்தாறு வருடம் குதிரைகளுக்கு லாடம் அடித்தவன் நான், பெயர் கெலெமென். ஒரு குதிரையின் காலைத் தொடைகளுக்கு நடுவே இடுக்கிக்கொண்டு, முகத்தில் ஈ மொய்க்க, முதுகு ஒடிய, குளம்பைச் சீவுகிற வேலையில் சாந்தமாக இருக்கிறவன் ஒருவனைக் காட்டுங்கள், என் தொப்பியைக் கழற்றி அவனுக்கே கொடுத்துவிடுகிறேன். சாந்தமான மனிதன் எங்கள் பண்ணையில் ஒருவன் இருந்தான். ஆனால் அவன் லாடம் அடிக்கிறவன் இல்லை, மந்தை மேய்க்கிறவன். வெண்டெல்.

அவனைப் பற்றித்தான் எழுத உட்கார்ந்தேன். என்னைப் பற்றி ஆரம்பித்துவிட்டேன். பரவாயில்லை, இரண்டும் ஒன்றோடொன்று சேர்ந்ததுதான்.

வெண்டெல் குதிரையைக் கொட்டகைக்குக் கொண்டுவந்தால் எனக்கு அரை நாள் போயிற்று. மற்றவர்கள் இழுத்துக்கொண்டு வந்து கட்டிவிட்டுப் போவார்கள். இவன் வாசலில் நின்றுவிடுவான். கயிறு தளர்ந்து தொங்கும். குதிரை உலையைப் பார்க்கும், துருத்தியைப் பார்க்கும், என் தோல் ஏப்ரனை மோந்து பார்க்கும், சுத்தியலைக்கூட ஒரு முறை நக்கிப் பார்க்கும். அதுவாக ஒரு பெருமூச்சு விட்டுத் தலையைத் தாழ்த்திய பிறகுதான் இவன் ஓர் அடி உள்ளே வைப்பான்.

"டேய், இதென்ன சர்ச்சா? ஒவ்வொரு சாமானுக்கும் முத்தம் குடுத்துட்டுதான் உள்ள வருமா உன் குதிரை?" என்று கத்துவேன்.

"நீ பல்லு புடுங்கப் போனப்ப வாசல்லயே முக்கா மணி நேரம் நின்னியாமே. வில்மா சொன்னா," என்பான் அவன்.

வில்மா என் மனைவி. அவள் வாயில் எதுவும் நிற்காது.

என்னிடம் ஒரு தடி இருந்தது, முனையில் கயிற்று வளையம். குதிரையின் மேலுதட்டை அந்த வளையத்தில் மாட்டித் திருகினால், எப்பேர்ப்பட்ட முரடும் கல்லாய் நின்றுவிடும். வலி அப்படி. எல்லா லாடக் கொட்டகையிலும் அது இருக்கும். நான் ஒன்றும் அதிசயக் கொடுமைக்காரன் இல்லை. ஆனால் வெண்டெலின் குதிரை ஒன்றுக்குக்கூட நான் அதை எடுத்ததில்லை. தேவைப்படவில்லை. அது எனக்கு எரிச்சலாக இருந்தது என்பதை இப்போது ஒப்புக்கொள்கிறேன்.

எங்கள் சமவெளியில் மந்தைக்காரர்களின் சேணத்துக்கு வயிற்றுவார் கிடையாது. குதிரை முதுகில் சும்மா வைத்து ஏறி உட்கார வேண்டியதுதான். தானாக உடம்பு சமநிலை பிடிக்கவில்லை என்றால் சேணத்தோடு சேர்ந்து புழுதியில் கிடக்க வேண்டியதுதான். ஏன் இப்படி என்று கேட்டால், எந்த நிமிடமும் சட்டென்று ஏறிப் போவதற்கு என்பார்கள். வெண்டெல் வேறு மாதிரி சொன்னான். "நான் வேண்டாம்னு அதுக்குத் தோணுச்சுன்னா என்னைக் கீழ போடணுமில்ல? கட்டி வெச்சிட்டா அது எப்படிச் சொல்லும்?" இதை அவன் சிரிக்காமல் சொன்னான். நாங்கள்தான் சிரித்தோம்.

அறுபத்தெட்டாம் வருடம் வசந்தத்தில், ஜார்ஜ் புனிதர் நாளன்று மந்தை வெளியே கிளம்பியபோது, ஆற்றுக்கு மேல்பக்கத்துப் பண்ணை ஒன்றிலிருந்து மூன்று வயதுப் பெண்குதிரை ஒன்று புதிதாகச் சேர்ந்திருந்தது. கறுப்பு. முகம் மட்டும் மாவு மூட்டைக்குள் விட்டு எடுத்தது போல முழு வெள்ளை. நீலக் கண்கள். பண்ணைப் பதிவில் அதற்கு எண் நாற்பத்தொன்று.

எங்கள் பக்கம் சாட்டை அடிப்பதற்கு இல்லை, சத்தத்துக்கு. மந்தைக்காரன் சாட்டையைச் சொடுக்கினால் துப்பாக்கி வெடித்தது போல இருக்கும். மந்தை அந்தச் சத்தத்தைக் கேட்டுத் திரும்பும், நிற்கும், நடக்கும். சாட்டை, சீழ்க்கை, முதிய குதிரையின் கழுத்து மணி, மனிதக் குரல், எல்லாமே காது வழிதான் போகும். நாற்பத்தொன்று சாட்டைக்கு அசையவில்லை. கூப்பிட்டால் திரும்பவில்லை. மற்ற குதிரைகள் ஓடினால் ஓடியது, நின்றால் நின்றது. "திமிரப் பாரு," என்றார்கள் மந்தைக்காரர்கள். நீலக் கண்ணைச் சேர்த்து இன்னும் என்னென்னவோ சொன்னார்கள்.

ஜூன் மாதம் குளம்பு சீவுவதற்காக அதை என்னிடம் கொண்டுவந்து கட்டினார்கள். வெண்டெல் அன்றைக்கு மந்தையோடு வெளியே இருந்தான். குதிரைக்குப் பின்னால் போகும்போது குரல் கொடுத்துக்கொண்டே போக வேண்டும். எங்கள் ஊரில் நடக்கப் பழகுகிற குழந்தைக்கே இது தெரியும். நானும் கொடுத்தேன். "ஹோ, ஹோ, பொண்ணே, நான்தான்," என்று எல்லோருக்கும் கேட்கும்படி சொல்லிக்கொண்டுதான் போய்ப் பின்தொடையில் கை வைத்தேன்.

அடுத்து நான் பார்த்தது கொட்டகையின் கூரையை. இரண்டு விலா எலும்பு போயிற்று.

பண்ணை மேலாளர் தோபோஷ் என் கட்டிலுக்கே வந்து விசாரித்தார். நல்ல மனிதர்தான், ஆனால் எதையும் ஒரே வரியில் தெரிந்துகொள்ள விரும்புகிறவர். நானும் ஒரே வரியில் சொன்னேன். "சொல்லிட்டுதான் போனேன் தோழர். கேட்டுட்டே ஒதச்சிச்சு. அது கொலைகாரக் குதிரை."

அந்த ஒரு வரி போதுமானதாக இருந்தது. இலையுதிர் காலத்தில், அக்டோபர் கடைசியில் வருகிற தெமெதெர் புனிதர் நாளன்று, மந்தை குளிர்காலத் தொழுவத்துக்குத் திரும்பும். அன்றைக்குத் தேவைப்படாத குதிரைகளை ஏற்றிப்போக லாரி வரும், தெற்கே போகும், இறைச்சிக்கு. அந்தப் பட்டியலில் நாற்பத்தொன்றின் எண்ணும் ஏறிவிட்டது.

இரண்டு நாள் கழித்து வெண்டெல் வந்தான். ஒரு கூடை புளிப்புச் செர்ரி கொண்டுவந்தான். தொப்பியை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தான். அப்புறம் கேட்டான்.

"ஒதைக்கறதுக்கு முன்னாடி காதைப் பின்னால மடிச்சுதா?"

"என்னடா கேள்வி இது?"

"வாலை வீசுச்சா? பிட்டத்தை உன் பக்கம் திருப்புச்சா?"

நான் யோசித்துப் பார்த்தேன். "இல்ல. சும்மா நின்னுட்டிருந்துச்சு. வைக்கோல் மென்னுக்கிட்டு."

"அப்ப அது கோவமில்லடா. திடுக்குன்னு பயந்திருக்கு."

"இங்க எனக்கு எலும்பு ஒடஞ்சு கெடக்குது, நீ குதிரையோட மனசை ஆராய்ச்சி பண்றியா? எந்திரிச்சுப் போடா வெளிய!"

கத்தியதில் விலா வலித்துக் கண்ணில் நீர் வந்துவிட்டது. அவன் போய்விட்டான். செர்ரி நன்றாக இருந்தது. அதையும் சொல்லிவிட வேண்டும்.

நேராக மேலாளரிடம்தான் போயிருக்கிறான். என்ன பேசினானோ, தோபோஷ் ஒரு நிபந்தனை போட்டார். தெமெதெர் நாளன்று அதே கெலெமென், அதே குதிரைக்கு, நாலு காலும் சீவி முன்னங்காலுக்கு லாடம் அடித்துவிட்டுச் "சரி" என்று சொன்னால் குதிரை இருக்கட்டும். இல்லையென்றால் லாரி. வில்மா இதை வந்து சொன்னபோது நான் சிரித்தேன். சிரித்ததும் வலித்தது.

வெண்டெல் அந்தக் கோடையில் செய்ததைப் பார்த்து மந்தைக்காரர்கள் எல்லோரும் சிரித்தார்கள். அவன் எதுவுமே செய்யவில்லை, அதனால். மத்தியானம் மந்தை ஏற்றக் கிணற்றுக்கு வந்து தண்ணீர் குடித்துவிட்டுச் சுற்றி நிற்கும். அவன் கிணற்றடியில், நாற்பத்தொன்றுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, தரையில் உட்கார்ந்து ரொட்டியும் பன்றிக்கொழுப்பும் தின்பான். கயிறு இல்லை, கடிவாளம் இல்லை. திரும்பிக்கூடப் பார்க்க மாட்டான். ஒரு வாரம் அது இருபது அடி தள்ளியே நின்றது. அப்புறம் பத்தடி. ஜூலைக் கடைசியில் ஒரு நாள் அது வந்து அவன் தொப்பியைக் கவ்வித் தூக்கிக்கொண்டு போய்விட்டது. அவன் தலையில் வெயில் காய உட்கார்ந்தே இருந்தானாம். தொப்பியை அது கீழே போட்ட பிறகும் எழுந்து போய் எடுக்கவில்லையாம். அதுவே கொண்டுவந்து தரட்டும் என்றல்ல; அது பார்த்து முடிக்கட்டும் என்று.

ஆகஸ்ட் நடுவில் கொட்டகைக்கு வந்தான். நான் வேலைக்குத் திரும்பியிருந்தேன். அப்படி வேகமாக நடந்து அவன் வந்து நான் பார்த்ததில்லை.

"கெலெமென், அவளுக்குக் காது கேக்காது."

"யாருக்கு?"

"நாப்பத்தொண்ணுக்கு. ஏத்தம் கிரீச்சுன்னு எறங்கறப்ப எல்லாக் குதிரையோட காதும் கெணத்துப் பக்கம் திரும்புது. அவ காது மட்டும் திரும்பல. அவ மத்த குதிரையோட காதைப் பாக்கறாடா. அதுங்க காது எந்தப் பக்கம் திரும்புதோ அங்க பாக்கறா. நாலு நாளா பாத்துட்டேன். பொறவிச் செவிடு."

நான் சம்மட்டியைக் கீழே வைக்கவில்லை. உலையைப் பார்த்துக்கொண்டே, "இருபது வருஷமா குதிரை மேய்க்கறவனுங்க எட்டுப் பேரு. ஒருத்தனுக்கும் தெரியாதது உனக்கு மட்டும் தெரிஞ்சு போச்சா? போய் வேலையப் பாரு," என்றேன்.

அவன் வாதாடவில்லை. போய்விட்டான். அன்றைக்கு நான் அடித்த ஒரு லாடமும் சரியாக வரவில்லை. ஏனென்றால் அவன் சொன்ன மாத்திரத்தில் எனக்குத் தெரிந்துவிட்டது. "ஹோ, ஹோ" என்று நான் ஊருக்கே கேட்கக் கத்திக்கொண்டு போனது அந்த உயிருக்குக் கேட்கவே இல்லை. வைக்கோல் மென்றுகொண்டிருந்தவளின் தொடையில் வானத்திலிருந்து ஒரு கை விழுந்திருக்கிறது. நான் என்றால் உதைத்திருக்க மாட்டேனா? குரல் கொடுத்துவிட்டோம், நம் கடமை முடிந்தது என்று நினைத்துக்கொண்டேன். கேட்டதா என்று பார்க்க ஒருவனுக்கும் தோன்றவில்லை. எல்லாவற்றையும் சத்தத்தால் செய்கிற எங்களுக்கு, சத்தம் கேட்காத குதிரை ஒன்று உலகத்தில் இருக்கும் என்பதே எட்டவில்லை.

ஆனாலும் போய்ச் சொல்ல மனம் வரவில்லை. செப்டம்பர் போயிற்று. அக்டோபரும் முக்கால்வாசி போயிற்று. சாப்பாட்டு மேசையில் வில்மா என் தட்டில் முட்டைக்கோஸைப் போட்டுக்கொண்டே கேட்டாள்:

"குதிரைகிட்ட தோத்துட்டா உன் கிரீடம் எறங்கிடுமா?"

"யாரு தோத்தது? பயமாடி எனக்கு?"

"பயம் இருந்தா தப்பில்ல. ரெண்டு எலும்பு போச்சு, பயம் வரத்தான் செய்யும். நீ பயத்தை மறைக்க அவளைக் கொலைகாரின்னு சொல்றியே, அதுதான் அசிங்கம்."

முட்டைக்கோஸை மென்று விழுங்கினேன்.

தெமெதெர் நாள். முற்றத்தில் லாரி நின்றது, பின்பலகை இறக்கி வைத்திருந்தது. பட்டியலில் இருந்த மற்ற ஏழு குதிரைகள் ஏற்கெனவே உள்ளே. தோபோஷ் கையில் காகிதத்தோடு நின்றார். ஓட்டுநர் சிகரெட் பிடித்துக்கொண்டு, "எட்டாவது எங்கய்யா? மழைக்கு முன்னாடி பெரிய ரோட்டைப் பிடிக்கணும்," என்று அவசரப்படுத்தினார்.

வெண்டெல் கறுப்புக் குதிரையோடு வந்தான். கயிறு தளர்ந்து தொங்கியது. வழக்கம்போல வாசலில் நின்றான். அவள் உலையைப் பார்த்தாள். துருத்தியைப் பார்த்தாள். அந்த முறை நான் சர்ச் என்றெல்லாம் கத்தவில்லை.

பதிலாக ஒன்று செய்தேன். அவள் முகம் வேறு பக்கம் திரும்பியிருந்தபோது, சம்மட்டியை ஓங்கிப் பட்டறைக்கல்லில் ஓர் அடி அடித்தேன். லாரிக்குள் ஏழு குதிரைகளும் துள்ளிப் பலகையை உதைத்தன. ஓட்டுநரின் சிகரெட் விழுந்தது. தோபோஷ், "என்னய்யா பண்றீங்க!" என்றார். கறுப்பு முதுகில் ஒரு ரோமம் அசையவில்லை. அவள் என் தண்ணீர் வாளியை மோந்துகொண்டிருந்தாள்.

வெண்டெல் என்னைப் பார்த்தான். வெற்றி, குத்தல் எதுவும் அவன் முகத்தில் இல்லை. இருந்திருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும், சண்டை போட்டிருப்பேன்.

"எப்படிப் போகணும்?" என்று கேட்டேன். என் குரல் எனக்கே சின்னதாகக் கேட்டது.

"பத்தடி தள்ளி நின்னு தரையை ரெண்டு தடவ மிதி. ஓங்கி வேணாம். அவளுக்குக் காலு வழியா தெரியும். திரும்பிப் பாப்பா. பாத்ததுக்கு அப்புறம் போ. தோள்ல கை வெச்சா, பின்காலு வரைக்கும் கையை எடுக்காத."

பின்னால் போய் நின்றேன். எல்லோரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள், பார்க்கட்டும். இரண்டு முறை மிதித்தேன்.

வெள்ளை முகம் திரும்பியது. ஒரு நீலக் கண் என்னைப் பார்த்தது, அடையாளம் கண்டுகொண்டது என்றுகூட நினைக்கிறேன். அப்புறம் அவள் தன் எடையை மாற்றி, நான் எடுத்துக்கொள்ள வசதியாக, அந்தப் பக்கத்துப் பின்காலைத் தளர்த்தி வைத்தாள்.

அந்தக் குளம்பை மடியில் வாங்கியபோது நான் அழுதேன். குனிந்திருந்ததால் யாருக்கும் தெரியவில்லை, வெண்டெலைத் தவிர. நாலு காலும் சீவினேன். முன்னங்காலுக்கு லாடம் அடித்தேன். என் வாழ்நாளில் அவ்வளவு கவனமாக ஆணி இறக்கியதில்லை.

தோபோஷ் ஒரே வரிக்காரர் என்றேனே. "அப்ப இது செவிடா? செவிட்டுக் குதிரையை வெச்சு மந்தையில என்னய்யா பண்றது?" என்றார்.

வெண்டெல் வாயைத் திறக்கும் முன் நான் முந்திக்கொண்டேன்.

"நாலு காலும் முடிச்சுட்டேன் தோழர். சரின்னு சொல்றேன். நீங்க போட்ட நிபந்தனை இதுதான், மாத்தாதீங்க. இவளைக் கொலைகாரின்னு சொன்னது நான். தப்பு. கேக்காதவகிட்ட கத்திட்டு, கேட்டுட்டே ஒதச்சிச்சுன்னு சொன்னேன். எல்லார் முன்னாடியும் சொல்றேன், எழுதிக்குங்க."

அவர் காகிதத்தில் எட்டாவது எண்ணின் மேல் ஒரு கோடு கிழித்தார். லாரி ஏழோடு போயிற்று. அன்று மாலை, உருளைக்கிழங்கும் மாவுப் பட்டையும் கொதிக்கிற கொப்பரையை மந்தைக்காரர் வழக்கப்படி முப்பத்திரண்டு முறை வெண்டெல் திருப்பிக்கொண்டிருந்தபோது, "ஏழு பேருக்கும் ஏதாவது ஒண்ணு இருந்திருக்கும், நமக்குத் தெரியல," என்றான்.

அவளுக்கு ஹர்மத் என்று பெயர் வைத்தான். நாங்கள் பனித்துளிக்குச் சொல்கிற சொல்.

"காது கேக்காத குதிரைக்குப் பேரு எதுக்குடா?" என்று கேட்டேன்.

"பேரு எனக்குடா. அவளுக்கில்ல."

ஹர்மத் இன்னும் இருபத்திரண்டு வருடம் இருந்தாள். அந்த வயிற்றுவார் இல்லாத சேணத்தில் வெண்டெல் உட்கார்ந்தால் சாட்டையும் வேண்டாம், குரலும் வேண்டாம். கொஞ்சம் பின்னால் சாய்ந்தால் நிற்பாள். மூச்சை நீளமாக விட்டுத் தோளைத் தளர்த்தினால் முட்டி மடித்துப் புல்லில் படுத்துவிடுவாள். ஆகஸ்ட் சந்தைக்கு வந்த பெரிய மனிதர்களிடம் அவளைக் காட்டி, "எங்க பண்ணைக் குதிரை, சத்தமே இல்லாம வேலை செய்யும்," என்று தோபோஷ் பெருமையடித்துக்கொண்டபோது, நானும் வெண்டெலும் ஒருவரை ஒருவர் பார்க்காமல் நின்றோம், பார்த்திருந்தால் சிரித்திருப்போம். உதட்டைத் திருகுகிற தடியை நான் உலையில் போட்டது எந்த வருடம் என்று நினைவில்லை. யாரிடமும் சொல்லவில்லை. நன்றாக எரிந்தது.

முப்பத்தாறு வருடம் பட்டறைக்கல்லுக்குப் பக்கத்தில் நின்றவனின் காது என்ன ஆகும்? முதலில் குருவிகள் போயின. அப்புறம் வாசல் மணி. அப்புறம் வில்மா, அவள் கத்துவாள், நான் வாயைப் பார்த்துப் புரிந்துகொள்வேன், புரியாததற்குத் தலையாட்டுவேன். டாக்டர் ஒரு கருவி கொடுத்தார். அது காதுக்குள் வண்டு போல ரீங்கரித்தது, இழுப்பறையில் கிடக்கிறது. என்னைவிட மற்றவர்களுக்குத்தான் கஷ்டம். பின்னாலிருந்து வந்து தோளைத் தொடுவார்கள், எனக்குத் தூக்கிவாரிப்போடும், திரும்பிக் கண்டபடி திட்டிவிடுவேன். சொந்த மருமகனை ஒரு முறை கோடரிக் காம்போடு விரட்டியிருக்கிறேன். கெலெமெனுக்கு வயதாக ஆகக் கோபம் ஏறுகிறது என்று பேசிக்கொண்டார்கள்.

கோபம் இல்லை. திடுக்குன்னு பயம்.

வெண்டெலுக்கு மட்டும் அது தெரிந்திருந்தது. வேலையெல்லாம் விட்ட பிறகும் ஒவ்வொரு நாளும் காலை பத்து மணிக்கு வருவான். நான் தோட்டத்துப் பெஞ்சில், வேலிக்கு முதுகைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். உள்ளங்காலில் வரும். தொம், தொம். ஓங்கி இல்லை. நான் திரும்பிப் பார்ப்பேன். பத்தடி தள்ளித் தொப்பியோடு நிற்பான். நான் பார்த்த பிறகுதான் வருவான். பதினோரு வருடம். இதைப் பற்றி நாங்கள் ஒரு வார்த்தை பேசியதில்லை. முதல் நாள் மட்டும், "என்னைக் குதிரையாக்கிட்டியாடா?" என்று கேட்டேன். அவன் என்னவோ சொன்னான், கேட்கவில்லை. சிரித்தான், அது தெரிந்தது.

போன மார்ச்சில் வெண்டெல் போய்விட்டான். தூக்கத்திலேயே. எண்பத்து மூன்று வயது. கல்லறைத் தோட்டத்தில் பனி உருகி ஒரே சேறு. பாதிரியார் பேசியது எனக்கு ஒன்றும் கேட்கவில்லை. எல்லோரும் ஒவ்வொருவராகப் போய் ஒரு பிடி மண் போட்டார்கள். என் முறை வந்தது. அவன் தலைமாட்டுப் பக்கத்திலிருந்துதான் நான் போக வேண்டியிருந்தது, பின்னாலிருந்து.

பத்தடி தள்ளி நின்றேன். தரையை இரண்டு முறை மிதித்தேன். கொஞ்ச நேரம் காத்திருந்தேன். அப்புறம்தான் பக்கத்தில் போனேன்.

நான் பூட்ஸில் ஒட்டிய சேற்றை உதறுகிறேன் என்று நினைத்துக்கொண்டு மருமகன் என் கையைப் பிடிக்க வந்தான்.